பிள்ளை உயரத்து இலைகள்

பெகிமாய் காலையில் மட்டும்தான் வாந்தி எடுத்தாள். எனக்குப் புரியாமல் இருந்தது அதுதான். கெட்டுப்போன வயிறு வேளை பார்த்துப் புரட்டாது. இவளுக்கோ விடியலில் வயலுக்குள் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் முகம் வெளுக்கும், உதடு சாம்பல் நிறமாகும், நெற்றியில் குளிர்ந்த வியர்வை அரும்பும். பிறகு வரப்பில் குத்துக்காலிட்டுக் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பாள். மத்தியானம் கொட்டகையில் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்து, "அம்மா, பசிக்குது" என்பாள். ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் தோய்த்துத் தின்பாள். சாயங்காலம் வாய்க்கால் ஓரம், எங்களோடு அதே வயலில் வேலை செய்யும் மஸ்தூராவின் பையன்களை விரட்டிக்கொண்டு ஓடுவாள். மறுநாள் விடிந்தால் மறுபடியும் வரப்பு, மறுபடியும் வாந்தி.

எல்லா நாளும் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சில காலைகளில் ஒன்றுமே ஆகாது. பாட்டுப் பாடிக்கொண்டே புகையிலை பறிப்பாள். அதுதான் என் தலையை இன்னும் குடைந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம், எங்கள் ஊர் ஜலாலாபாத்தில், ஒரு பம்ப் நிலையத்தில் வேலை பார்த்தவள் நான். நிலையத்தின் செம்புக் கம்பிகளை யார் யாரோ பிடுங்கி விற்றுத் தீர்த்த பிறகு வேலை போனது. ஒரேயடியாக நின்றுபோன பம்பைச் சரிசெய்வது சுலபம். ஒரு வேளை ஓடி ஒரு வேளை நிற்கும் பம்ப்தான் உயிரை வாங்கும். அதற்கு வழி ஒன்றுதான். நாம் கவனிக்காத ஏதோ ஒன்று அந்தக் கோளாறோடு சேர்ந்து வந்து, சேர்ந்து போகிறது. ஒவ்வொரு வால்வாக மூடிப் பார்த்துக்கொண்டே வந்தால் அது மாட்டும்.

நானும் மூடிப் பார்த்தேன். வாய்க்கால் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். மாறவில்லை. தர்ப்பூசணியை நிறுத்தினேன். மாறவில்லை. காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பினேன், வயிறு நிறையக் கொடுத்தும் அனுப்பினேன். இரண்டுக்கும் ஒரே வாந்திதான்.

என் கொழுந்தன் ஷெர்மத்துக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"அண்ணி, உன் பொண்ணு பெரிய வக்கீலா வருவா பாரு. வேலைன்னா வயித்தைப் பிடிச்சுக்கறா. ரொட்டின்னா எந்திரிச்சு உக்காந்துக்கறா."

"நீ மட்டும் என்னவாம்? வேலைன்னா நஸ்வாயை எடுத்து வாயில அடக்கிட்டு மலையைப் பாத்துட்டு நிக்கற."

"அது மருந்து அண்ணி. அதனாலதான் எனக்கு ஒண்ணும் ஆகறதில்ல. இந்த வயல்ல தலைவலின்னு ஒருநாள் படுத்திருக்கேனா நான்?"

அது உண்மை. அவன் படுத்ததே இல்லை. புகையிலைத் தூளையும் சுண்ணாம்பையும் சாம்பலையும் பிசைந்து உருட்டிய அந்தப் பச்சைச் சனியனை நாக்குக்கு அடியில் அடக்கிக்கொண்டு நாள் முழுக்கத் துப்பிக்கொண்டிருப்பான். கல்லுக்குண்டு மாதிரி இருந்தான்.

அவன் மனைவி ஜூரா நல்லவள். வயிற்றில் ஐந்து மாதம். "கண்ணு பட்டிருக்கு அக்கா" என்று சொல்லி, காய்ந்த செடிகளைக் கொளுத்திப் பெகிமாயைச் சுற்றிச் சுற்றிப் புகை காட்டினாள். "ராத்திரி காத்து அடிச்சா காலைல அவளுக்கு ஒண்ணும் ஆகறதில்ல, கவனிச்சியா? கண்ணைக் காத்து அடிச்சிட்டுப் போயிடுது."

கண்ணேறு விஷயத்தை விடுங்கள். காற்றைப் பற்றி அவள் சொன்னது சரியாக இருந்தது. நான் யோசித்துப் பார்த்தேன். காற்றடித்த இரவுகளுக்குப் பிறகு வந்த காலைகளில்தான் பெகிமாய் பாடியிருக்கிறாள். காற்றுக்கும் பத்து வயதுப் பிள்ளையின் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை.

பத்து வயதுப் பிள்ளை வயலில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்தக் கணக்கைச் சொல்கிறேன். வசந்தத்தில் அல்மாட்டிச் சந்தைக்கு முதலாளிமார் ஆள் பிடிக்க வருவார்கள். எல்லை தாண்டி வந்து நிற்கும் எங்களைப் பார்த்து, எத்தனை பேர் என்று கேட்க மாட்டார்கள். "எத்தனை கை?" என்பார்கள். பெரியவர் என்றால் முழுக் கை. பத்து வயது என்றால் அரைக் கை. கைக்கணக்குப்படிதான் நிலம் பிரித்துக் கொடுப்பார்கள். அரைக் கையைக் காட்டாவிட்டால், ஒரு குடும்பம் குளிர்காலத்தைத் தாண்ட முடியாத அளவுக்குச் சின்ன நிலம்தான் கிடைக்கும். காட்டினால், அந்த அரைக் கை உழைத்தே தீர வேண்டும். கூலியோ இலை விற்ற பிறகுதான். அதுவரை பாஸ்போர்ட்டுகள் எல்லாம் முதலாளியின் பீரோவில். செப்டம்பரில் நான் பெகிமாயைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பதிவுச் சீட்டு கேட்டார்கள். பதிவுச் சீட்டுக்குப் பாஸ்போர்ட் கேட்டார்கள். பாஸ்போர்ட்டை முதலாளி செரிக்போலிடம் கேட்டேன். "அறுவடை முடியட்டும்மா" என்றான். அறுவடை முடியும்போது பனிக்காலம் வந்துவிடும். பிள்ளையை வயலில் தள்ளியது எந்தத் தாயின் கல்நெஞ்சும் இல்லை. சங்கிலி போல ஒன்றோடொன்று கோத்த இந்த ஏற்பாடுதான். இதில் எந்தக் கண்ணியும் தானாக அமைந்ததில்லை. ஒவ்வொன்றையும் ஒருவன் யோசித்து மாட்டியிருக்கிறான்.

இலை பறிக்கும் முறையையும் சொல்ல வேண்டும். புகையிலைச் செடி அடியிலிருந்து மேலாகப் பழுக்கும். முதலில் அடி இலைகள் மஞ்சளாகும், பிறகு நடு இலைகள், கடைசியில் நுனி. அடி இலை ஒரு முழ உயரத்தில் இருக்கும். பெரியவர்கள் பறித்தால் முதுகு ஒடிந்துவிடும். ஆகவே அது பிள்ளைகளின் வேலை. "கடவுளே அந்த உயரத்துக்குத்தான் படைச்சிருக்கான்" என்பான் செரிக்போல். பறிப்பது விடியலில். பகல் வெயிலில், வேர் உறிஞ்சும் தண்ணீரைவிட இலை விடும் தண்ணீர் அதிகம். இலை துவண்டு தோல் மாதிரி ஆகிவிடும், ஒடியாது. இரவில் வேர் விட்டதைப் பிடித்துவிடும். விடியலில் இலை விறைத்து நிற்கும். கீழ்நோக்கி ஒரு தட்டுத் தட்டினால் படக்கென்று கையோடு வரும். ஆகவே இருட்டு விலகும்போதே உள்ளே போய்விடுவோம். எங்களுக்கு இடுப்புவரை நனையும். பிள்ளைகளுக்கு முகம், கழுத்து, தோள் எல்லாம் நனைந்துவிடும். பறித்த ஈர இலையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வருவார்கள். சட்டையைப் பிழியலாம்.

ஒருநாள் பெகிமாய் வரிசைக்கு நடுவிலேயே விழுந்துவிட்டாள். தூக்கியபோது தலை தொங்கியது. நாடி கோழிக்குஞ்சினுடையது போல அடித்தது. ஷெர்மத் பயந்துபோய் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு ஓடினான். செரிக்போல் வரப்பில் நின்றபடி, "வெயில் தலைக்கேறியிருக்கும்" என்றான். சூரியன் அப்போதுதான் மலைக்கு மேலே தலையை நீட்டியிருந்தது.

மறுநாள் அவளை வயலுக்கு அனுப்பவில்லை. கொட்டகையில் விட்டுவிட்டுப் போனேன். மத்தியானம் மஸ்தூராவின் சின்னவன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"சைரா சித்தி! பெகிமாய்க்கு மறுபடி வந்திருச்சு!"

ஓடினேன். அதே வெளுப்பு, அதே சாம்பல் உதடு, அதே குளிர்ந்த வியர்வை. தலையைச் சட்டியில் கவிழ்த்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஷெர்மத் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றான். பறித்த இலையை நூலில் கோர்த்துக் காயத் தொங்கவிடுவோம், அந்த ஊசியை எடுக்க வந்தவன்.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல அண்ணி... பாவமா இருந்துச்சு. எனக்கு ஒத்துக்குதே, இவளுக்கும் ஒத்துக்கும்னு கொஞ்சூண்டு குடுத்தேன்."

"என்ன குடுத்த?"

"நஸ்வாய்தான். நாக்குக்கு அடியில. ஒரு சிட்டிகை. பல்வலிக்குக் குழந்தைங்களுக்குக் குடுக்கறதில்லையா என்ன?"

கையில் இருந்த செம்பை அவன் மேல் எறிந்தேன். அவன் குனியவில்லை. குனிய வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தோளில் பட்டுக் கீழே விழுந்தது. அவனைத் திட்டிய திட்டை எழுத முடியாது. திட்டிக்கொண்டே பிள்ளையின் வாயைக் கழுவினேன், நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். அப்படிப் பிடித்திருந்தபோதுதான் உறைத்தது.

இன்று இவள் வயலுக்குப் போகவில்லை. வெயிலில் நிற்கவில்லை. வேளை காலையும் இல்லை. மற்ற நாட்களில் இந்நேரம் பசி என்று எழுந்திருப்பாள். எல்லா வால்வும் மூடியிருந்தது. திறந்தது ஒன்றே ஒன்று, அந்தச் சிட்டிகை. அது திறந்ததும் நோய் அச்சு அசலாக வந்துவிட்டது. வெளுப்பிலும் வியர்வையிலும் இம்மி வித்தியாசம் இல்லை.

அப்படியென்றால் காலையில் அவளுக்கு வருவதும் இதுவேதான். புகையிலை. வாயில் போடாமலேயே அவளுக்குள் போயிருக்கிறது.

எப்படிப் போகிறது என்று உட்கார்ந்து யோசித்தபோது, காற்றடித்த இரவுகள் தானாக வந்து பொருந்தின. காற்றில்லாத, மேகமில்லாத இரவில்தான் பனி கொட்டும். காற்றடித்தால் இலை காய்ந்தே கிடக்கும். இலையில் பசை இருக்கிறது. பறித்த கை கறுத்துப் பிசுபிசுக்கும். பசையில் இருக்கும் விஷம் பனித்துளியில் கரைகிறது. பனித்துளி பிள்ளையின் தோலில் ஊறுகிறது. ஈரத் துணி அதைத் தோலோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. வெயில் ஏறித் துணி காய்ந்ததும் உள்ளே போவது நிற்கிறது. உடம்பு மத்தியானத்துக்குள் அதை வெளியேற்றிவிட்டுப் பசி என்கிறது.

ஷெர்மத்துக்கு ஏன் வரவில்லை? நஸ்வாய் அவனைக் காக்கவில்லை. அது அவனை முன்பே பழக்கி வைத்திருந்தது. பல வருடமாக நாள்தோறும் இதே விஷத்தை உள்ளே விட்ட உடம்புக்கு, தோல் வழியாக வரும் கொஞ்சம் ஒரு பொருட்டே இல்லை. நாங்கள் அதைப் போய் வலு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்!

நினைத்தது சரியா என்று பார்க்க வேண்டும். பிள்ளையை வைத்து இன்னொரு முறை பார்க்க மாட்டேன். அடுத்த காலை நல்ல பனி. சட்டைக் கையை மடித்துவிட்டு, தலைத்துணியை அவிழ்த்துவிட்டு, பெகிமாயின் வரிசைக்குள் நான் மண்டியிட்டுப் புகுந்தேன். அவள் உயரத்தில், அவள் தூக்குகிற மாதிரியே ஈர இலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பறித்துக்கொண்டே போனேன். அந்த உயரத்திலிருந்து அந்த வயலை நான் அதுவரை பார்த்ததில்லை. நான்கு பக்கமும் இலை. முகத்தை எங்கே திருப்பினாலும் ஈரம் அறைந்தது. வரிசை முடிவதற்குள் பூமி சாய்ந்தது. வரப்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

மஸ்தூரா ஓடி வந்து என் முதுகைத் தடவினாள். "என்னடி, உனக்குமா? புருஷன் ரஷ்யாவுல இருக்கான், அந்தக் காரணமும் இல்லையே!"

வாந்திக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

நேரே செரிக்போலின் வீட்டுக்குப் போனேன். மஸ்தூராவும் வந்தாள். ஜூராவும் வந்தாள். ஷெர்மத் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தான். முற்றத்தில் முதலாளியின் பையன் வெள்ளைச் சட்டையோடு, முதுகில் புத்தகப் பையோடு, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். பெகிமாயின் வயதுதான்.

கண்டுபிடித்ததை எல்லாம் சொன்னேன். பனி, பசை, தோல், எல்லாம். இந்த மனிதனுக்குத் தெரியாது, சொன்னால் பதறிவிடுவான் என்று மனதின் ஒரு மூலையில் நினைத்திருந்தேன் போல.

"அதுவா?" என்றான் செரிக்போல். தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைக்கக்கூட இல்லை. "பச்சைக் கிறுக்குன்னு சொல்லுவோம் அதை. புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு வரும். செத்தெல்லாம் போயிடாது. ரெண்டு வருஷத்துல பழகிடும்."

அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள்.

"தெரிஞ்சுதான் எங்க பிள்ளைங்களை விட்டீங்களா?" என்றாள் மஸ்தூரா.

"நீங்கதானேம்மா கூட்டிட்டு வந்தீங்க? நானா உங்க ஊருக்கு வந்து தூக்கிட்டு வந்தேன்?"

"அப்போ உங்க பையனை அனுப்புங்க முதலாளி" என்றேன். "பள்ளிக்கூட மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கே. ஒரே ஒரு வரிசை. அவனுக்கும் அதே உயரம்தான்."

உள்ளேயிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது. "ஐயோ, எங்க பிள்ளைங்க பனி காயறதுக்கு முன்னால வயல் பக்கமே போகாதுங்க!"

பெருமையாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. செரிக்போல் பையனைப் பார்த்து, "நேரமாச்சு, கிளம்பு" என்றான்.

பழகிவிடும் என்கிறானே, அந்தப் பழக்கம் என்னவென்று எனக்கு இப்போது தெரியும். இரண்டு பருவம் தோல் வழியாகக் குடித்த பிள்ளைக்கு, மூன்றாவது பருவம் வாந்தி வராது. பனிக்காலத்தில் வயல் இல்லாதபோது ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருக்கும். பதினைந்து வயதில் நஸ்வாயை எடுத்து அடக்கிக்கொள்ளும். ஷெர்மத்தும் எட்டு வயதில் இலை கோர்க்கப் போனவன்தான். எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் வேறு வேலை தெரியாது. அதனால் ஒவ்வொரு வசந்தமும் அதே சந்தையில் முழுக் கையாகப் போய் நிற்கிறான். நாளைக்கு அவனுக்குப் பிறப்பதும் அரைக் கையாகத்தான் பக்கத்தில் நிற்கும். முதலாளிக்கு இலையும் விளைகிறது, இலை பறிக்கிற ஆளும் விளைகிறது, இலையை வாங்குகிற வாயும் விளைகிறது. மூன்றும் ஒரே வயலில்.

"நாளையிலேர்ந்து பிள்ளைங்க வராது" என்றேன்.

"அப்போ நிலத்தையும் விட்டுட்டுப் போங்க. வேற கை கிடைக்கும்."

"எங்க கிடைக்கும்? கூலி ஆளுங்க எல்லாரும் வேற வேற வயல்ல இறங்கியாச்சு. அடி இலை மஞ்சளாயிடுச்சு. போய்ப் பாத்தீங்களா? இன்னும் ஒருசில நாள் விட்டா காபி நிறத்துக்குக் கருகிடும். கருகின இலையை யார் எடுப்பா?"

கிண்ணம் இப்போது கீழே இறங்கியது.

"மிரட்டறியா?"

"இலை மிரட்டுது முதலாளி. நான் இல்ல."

அவன் ஷெர்மத்தின் பக்கம் திரும்பினான். "நீ ஆம்பளைதானே? சொல்லேன் இவங்களுக்கு. கூலி வேணுமா வேண்டாமா?"

ஷெர்மத்தின் வாய் அசைந்தது. அவன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியாது. ஜூரா முந்திக்கொண்டாள். அந்தப் பெண் அதுவரை முதலாளியின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை.

"எனக்கும் காலைல தலை சுத்துது. வயித்துல இருக்கறதாலன்னு நெனச்சேன். இப்பதான் தெரியுது, உள்ள இருக்கறதும் சேர்ந்து குடிக்குதுன்னு. இதையும் கைக்கணக்குல சேர்த்திருக்கீங்களா? கால் கையா இது?"

ஷெர்மத் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, "பிள்ளைங்க வராது முதலாளி" என்றான்.

அன்று முழுவதும் நாங்கள் யாரும் வயலில் இறங்கவில்லை. செரிக்போல் இரண்டு தடவை வயலைச் சுற்றி நடந்தான். அடி இலையை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். சாயங்காலம் கொட்டகைக்கு வந்தான். உள்ளே வரவில்லை.

"பனி காஞ்ச பிறகு இலை துவண்டுடும். ஒடியாது. எப்படிப் பறிப்பீங்க? அதைச் சொல்லு மொதல்ல."

நல்ல கேள்விதான். பம்ப் நிலையத்துக்காரி அதைத்தான் பகல் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள்.

"வாய்க்கால்ல உங்களுக்கு வர்ற தண்ணி முறையைச் சாயங்காலம் எங்களுக்கு மாத்திக் குடுங்க" என்றேன். "இலை ஏன் துவளுது? போற தண்ணிக்கு வர்ற தண்ணி ஈடு கட்டலை. வேர் காலடியில தண்ணி நின்னா ஈடு கட்டும். மத்தியானம் நெருங்கற வரைக்கும் விறைப்பா நிக்கும்."

"நனைஞ்ச செடி இலை காய நாளாகும்."

"ரெண்டு நாள் கூட தொங்கட்டும். பிள்ளைங்க விழறதுக்கு இலை தொங்கறது மேல். அப்புறம், பாஸ்போர்ட்டு நாளைக்கே வேணும். பள்ளிக்கூடத்துல கேக்கறாங்க."

அவன் என்னை வெறித்துப் பார்த்தான். வயலைப் பார்த்தான். "மடையைத் திறந்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல மனதினால் சொல்லவில்லை. இலை மஞ்சளாக இருந்ததால் சொன்னான். பாஸ்போர்ட்டை வாங்க மேலும் மூன்று தடவை வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது. பெண்கள் மூவரும் சேர்ந்தே நின்றோம்.

பக்கத்து வயல்களிலிருந்து பெண்கள் வந்து எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கேயும் எழுதுகிறேன். பறிப்பதற்கு முந்தின மாலை மடையைத் திறந்து வேர் நனையத் தண்ணீர் விட வேண்டும். காலையில் பனி முழுக்கக் காயும் வரை யாரும் வயலுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. இலையின் அடிப்பக்கத்தைத் தடவி, விரல் நனையாமல் இருந்தால் இறங்கலாம். கையிலும் நெஞ்சிலும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும், துணி நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அடி இலையைப் பெரியவர்கள் மண்டியிட்டுப் பறிக்க வேண்டும். முதுகு வலிக்கும், வலிக்கட்டும். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் வயலுக்குள்ளும் இலை கோர்க்கும் இடத்துக்குள்ளும் வரவே கூடாது. சந்தையில் எத்தனை கை என்று கேட்டால், பெரியவர்களை மட்டும் எண்ணிச் சொல்ல வேண்டும். இதை ஒரு குடும்பம் மட்டும் சொன்னால் விரட்டிவிடுவான். அடி இலை மஞ்சளாகும் நேரம் பார்த்து, ஒரு வயலில் இருக்கும் எல்லாக் குடும்பமும் சேர்ந்து சொல்ல வேண்டும்.